டிவி புதுசு, படம் பழசு

கடையில் பார்த்தபோது படம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் அந்தப் பளிச்சு இல்லை. முகங்கள் அகலமாகத் தெரிகின்றன. எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. "நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. கடைக்காரரைக் கேட்டால் "கேபிள்காரரைக் கேளுங்கள்" என்கிறார். கேபிள்காரரைக் கேட்டால் "டிவியைப் பாருங்கள்" என்கிறார்.

யார் சொல்வது சரி?

இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லை ஊர்களில் அது இரண்டு மடங்கு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தன. விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் இங்கே வீடு ஒரு மாநிலத்தில், கடை ஒரு மாநிலத்தில். பெரியவர்கள் கேட்பது தமிழ்ச் செய்தி. பிள்ளைகள் படிப்பது மலையாளம். டிவி வாங்குவதிலும் சானல் வாங்குவதிலும் இந்த இரட்டை வாழ்க்கை வந்து நிற்கிறது.

எச்.டி என்றால் என்ன?

டிவியில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. மிகச் சிறிய புள்ளிகள். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால் தெரியும்.

பாலராமபுரம் கைத்தறியை நினைத்துப் பாருங்கள். தடித்த நூலில் மயில் கரை போட்டால் மயிலின் கழுத்து படிப்படியாகத் தெரியும். மெல்லிய நூலில் நெய்தால் அதே கழுத்து வளைந்து அழகாக வரும். அகலம் ஒன்றுதான். நூல்தான் வேறு. டிவிப் படமும் அப்படித்தான். அதே திரையில் புள்ளிகள் கூடினால் படம் தெளிவாகும்.

பழைய வகைப் படத்தில் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி. பெருக்கினால் நாலு லட்சத்துக்குச் சற்று அதிகம். இதற்கு எஸ்.டி என்று பெயர். சாதாரணத் தெளிவு என்று வைத்துக்கொள்ளலாம். எச்.டி என்பது உயர் தெளிவு. அதில் இரண்டு படி உண்டு. சின்னப் படியில் உயரத்தில் 720 வரி இருக்கும். பெரிய படியில் 1080 வரி இருக்கும், அகலத்தில் 1920 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்துக்கு மேல். பழைய படத்தைப் போல ஐந்து மடங்கு.

இன்னொரு மாற்றமும் வந்தது. பழைய டிவித் திரை ஏறக்குறையச் சதுரம். அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. புதிய திரை நீளம். அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு. சதுரப் படத்தை நீளத் திரையில் இழுத்துப் போட்டால் என்ன ஆகும்? மெலிந்தவரும் பருத்துப் போவார். முகம் அகலமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். டிவி கெட்டுப்போகவில்லை. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தான் இருக்கும். அதில் 4:3 என்று வைத்தால் முகம் சரியாகும். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும். சிலருக்கு அந்தப் பட்டை பிடிப்பதில்லை. "காசு கொடுத்த திரை வீணாகிறதே" என்று மறுபடியும் இழுத்து வைத்துவிடுகிறார்கள்!

கால்வாயும் மடையும்

நெய்யாற்று அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. கால்வாய் அகலமாக இருக்கிறது. வயலும் பெரியது. நடுவில் ஒரு மடை மட்டும் குறுகல். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? அந்தக் குறுகிய மடை விடும் அளவுதான் வரும்.

டிவி என்பது கடைசியில் இருக்கும் வயல். படம் அதற்கு வந்து சேருவதற்கு முன் நான்கு மடைகளைத் தாண்டுகிறது. முதல் மடை சானல். அந்தச் சானலே எச்.டியில் ஒளிபரப்பாக வேண்டும். இரண்டாவது, நாம் கட்டும் மாதப் பணம். எச்.டி சானலுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். மூன்றாவது, பெட்டி. கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ கொடுத்த பெட்டி எச்.டி பெட்டியாக இருக்க வேண்டும். நான்காவது, பெட்டியிலிருந்து டிவிக்கு வரும் ஒயர்.

இந்த நான்கில் ஒன்று குறுகினாலும் போதும். டிவி எவ்வளவு விலையானாலும் பழைய படம்தான் வரும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். தவணைக்கு ஒரு டிவி எடுத்து வந்தார். மாதம் ஆயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும். படம் தெளிவாக இல்லை. கேபிள் வேலை செய்யும் பையனை வீட்டுப் பெரியவர் கூப்பிடுகிறார். பையன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான்.

"பாட்டா, டிவி எச்.டிதான். பெட்டி எச்.டி இல்லை."

"எல்லாம் உள்ளேயே இருக்கு என்று கடையில் சொன்னானே மக்களே?"

"உள்ளே இருக்கிறது திரை பாட்டா. படம் வெளியே இருந்துதானே வரணும். இன்னும் மஞ்சள் ஒயரில்தான் ஓடுது."

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை உள்ள ஒயர் எல்லா வீட்டிலும் இருக்கும். மஞ்சளில் படம் போகிறது. சிவப்பிலும் வெள்ளையிலும் ஒலி போகிறது. இந்த மஞ்சள் ஒயர் பழைய தெளிவுக்கு மேல் எதையும் கொண்டுபோகாது. எச்.டி பெட்டியை வாங்கிய பிறகும் பழக்கத்தில் இதையே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. எச்.டி படத்துக்கு எச்.டி.எம்.ஐ என்ற ஒயர் வேண்டும். அதன் தலை தட்டையாக இருக்கும். அதிலேயே படமும் ஒலியும் போகும். அதை மாட்டிய பிறகு டிவி ரிமோட்டிலும் எச்.டி.எம்.ஐ என்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த ஒயர் விஷயத்தில் கடைகளில் ஒரு வேடிக்கை நடக்கும். இருநூறு ரூபாய் ஒயரும் இருக்கும். தங்கமுலாம் பூசியது என்று இரண்டாயிரம் ரூபாய் ஒயரும் இருக்கும். இந்த ஒயரில் படம் எண்களாகத்தான் போகிறது. எண் வந்து சேர்ந்தால் படம் முழுதாக வரும். சேராவிட்டால் படம் சிதறும் அல்லது நின்றுவிடும். ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு ஒழுங்காகச் செய்த சாதாரண ஒயரே போதும். தங்கத்தால் படம் ஜொலிக்காது.

அப்படியானால் கடையில் மட்டும் எப்படிப் பளிச்சென்று தெரிந்தது? கடையில் கேபிள் படத்தைக் காட்டுவது குறைவு. மலர், அருவி, பழம், மீன் என்று இதற்காகவே எடுத்த படத்தைப் போடுகிறார்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டி வைக்கிறார்கள். புது டிவியை முதலில் இயக்கும்போது "வீடா, கடையா" என்று அதுவே கேட்கும். வீடு என்றுதான் சொல்ல வேண்டும். கடை என்று வைத்தால் கண் கூசும். மின்சாரமும் அதிகம் செலவாகும்.

டிஜிட்டல் வேறு, எச்.டி வேறு

பெரிய குழப்பம் வந்தது 2016, 2017 ஆண்டுகளில். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1982இல் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டு அது. அப்போது கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. வண்ணத்தில் அனுப்பிய படம் அவர்கள் டிவியில் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. பழைய டிவி இருட்டாகவில்லை. வசதி வந்தபோது வண்ண டிவி வாங்கிக்கொண்டார்கள்.

இந்த முறை அப்படி இல்லை. கேபிள் சட்டம் 2011இல் திருத்தப்பட்டது. கேபிளில் வரும் எல்லா சானலும் டிஜிட்டல் முறைக்கு மாற வேண்டும் என்றது சட்டம். டிஜிட்டல் என்றால் படத்தையும் ஒலியையும் எண்களாக்கி அனுப்புவது. பழைய முறையில் ஒரு சானல் பிடிக்கும் இடத்தில் டிஜிட்டல் முறையில் பல சானல்களை அனுப்பலாம். அரசுக்கும் ஒரு நன்மை உண்டு. எந்த வீட்டில் கேபிள் இருக்கிறது என்ற கணக்கு தெரியும். வரி ஒளியாது.

ஆனால் எண்களாக வருவதைப் பழைய டிவி புரிந்துகொள்ளாது. நடுவில் ஒரு பெட்டி வேண்டும். பெட்டி இல்லாத டிவி கெடு தேதியில் இருட்டாகும்.

இந்த மாற்றம் நான்கு கட்டமாக நடந்தது. டெல்லி, மும்பை போன்ற பெருநகரங்கள் 2012இல் முதல் கட்டம். 2013இல் இன்னும் 38 நகரங்கள். நகராட்சிகள் மூன்றாம் கட்டம். கிராமங்கள் நான்காம் கட்டம். நெய்யாற்றின்கரை நகராட்சி. பாறசாலை கிராமப் பஞ்சாயத்து. இரண்டும் ஒரே சாலையில் உள்ள ஊர்கள்தான். ஆனால் கட்டம் வேறு, தேதி வேறு. தேதிகளும் நிற்கவில்லை. மூன்றாம் கட்டத்துக்கு 2015 டிசம்பர் 31 என்றார்கள். வழக்குகள் நடந்தன. கடைசியில் 2017 ஜனவரி 31 வரை நீண்டது. நான்காம் கட்டத்துக்கு 2016 டிசம்பர் 31 என்றார்கள். அது 2017 மார்ச் 31 ஆனது. நெய்யாற்றின்கரையில் அக்காள், பாறசாலையில் தங்கை என்றால், அக்காளுக்குச் சொன்ன தேதி தங்கைக்குப் பொருந்தாது.

களியக்காவிளையைத் தாண்டினால் கதையே வேறு. அங்கே தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 முதல் மாதம் 70 ரூபாய்க்குச் சானல்களைக் கொடுத்துவந்தது. அந்த நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. பிறகு அது வீடுகளுக்குப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. கேரளத்தில் தனியார் நிறுவனங்களும், சிறு கேபிள்காரர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனமும் இருந்தன. பெட்டிக்கு வீட்டுக்காரர் பணம் தந்தார்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்டி சும்மா கிடைக்கிறதே, ஒன்று வாங்கிக் கொண்டுவந்தால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. அது நடக்காது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சானலைப் பூட்டி அனுப்புகிறது. அந்தப் பூட்டுக்குச் சாவி அந்த நிறுவனத்தின் பெட்டியில் மட்டும் இருக்கும். களியக்காவிளைப் பெட்டி பாறசாலைக் கேபிளில் திறக்காது. டிஷ் பெட்டியும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு ஆகாது.

இங்கேதான் பலர் தவறாக நினைத்தார்கள். "டிஜிட்டல் வருகிறது, பழைய டிவி இனி ஓடாது, எச்.டி டிவிதான் வாங்க வேண்டும்" என்று பேச்சுப் பரவியது. இது உண்மை அல்ல. சட்டம் கேட்டது டிஜிட்டல். எச்.டியைச் சட்டம் கேட்கவில்லை. சாதாரணப் பெட்டியும் டிஜிட்டல்தான். மஞ்சள் ஒயரில் மாட்டினால் பழைய கனமான டிவியிலும் படம் வரும். நன்றாக ஓடிய டிவியைத் தூக்கிப் போட்டவர்கள் அவசியம் இல்லாமல் போட்டார்கள்.

படித்தவர் நிறைந்த பணக்கார நாடுகளிலும் இதே குழப்பம் நடந்தது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 17 அன்று பழைய ஒளிபரப்பை நிறுத்துவதாக இருந்தது. பெட்டி வாங்க அங்கே அரசு 40 டாலர் கூப்பன் கொடுத்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு கூப்பன் வரை. அந்த ஜனவரியில் கூப்பன் பணம் தீர்ந்துவிட்டது. மக்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அதனால் தேதியை ஜூன் 12க்குத் தள்ளினார்கள். அங்கேயும் பலர் டிஜிட்டலையும் எச்.டியையும் ஒன்று என்றே நினைத்தார்கள். ஜப்பானில் 2011 ஜூலையில் பெரும்பகுதி நாடு மாறியது. சுனாமி தாக்கிய மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் மறு ஆண்டு மார்ச் வரை தவணை கொடுத்தார்கள்.

வீட்டுக் கூரையில் ஆண்டெனா வைத்துத் தூர்தர்ஷன் பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பழைய ஒளிபரப்பையும் தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் பெரும்பாலான இடங்களில் நிறுத்திவிட்டது. இப்போது தூர்தர்ஷனின் இலவச டிஷ் உண்டு. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒரு முறை பணம். மாதக் கட்டணம் கிடையாது. தமிழும் மலையாளமும் அதில் வரும். ஆனால் பெரும்பாலான சானல்கள் சாதாரணத் தெளிவில்தான் இருக்கும். பெட்டி மிகப் பழைய வகையாக இருந்தால் சில சானல்கள் வராது.

ஒரே சானலுக்கு இரண்டு விலை

பெட்டி வந்து இரண்டு ஆண்டு ஆனது. அடுத்த குழப்பம் வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை. "எந்தச் சானல் வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள்" என்றது டிராய். டிராய் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். 100 சாதாரணச் சானல்களுக்கான இடத்துக்கு அதிகபட்சம் 130 ரூபாய். வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானல்களுக்கு இதற்கு மேல் தனி விலை. பெரிய சானல்கள் பல 19 ரூபாய் என்று விலை போட்டன. பாறசாலை வீட்டில் ஒரு தமிழ்ச் சானலும் வேண்டும், ஒரு மலையாளச் சானலும் வேண்டும். இரண்டும் சேர்ந்து 38 ரூபாய். வரி சேர்த்து 44 ரூபாய் 84 காசு. மொத்தம் 198 ரூபாய் 24 காசு. ஒரு மொழி வீட்டுக்கு ஒரு சானல் போதும். இரண்டு மொழி வீட்டுக்கு எல்லாம் இரண்டு.

எச்.டி சானலுக்கு விலை தனி. அதோடு ஓர் எச்.டி சானல் இரண்டு சானலின் இடத்தைப் பிடிப்பதாகக் கணக்கு. ஒரே சானல் சாதாரணத்திலும் இருக்கும், எச்.டியிலும் இருக்கும். இரண்டும் பட்டியலில் ஏறிவிட்டால் ஒரே தொடருக்கு இரண்டு முறை பணம் போகும். எச்.டி டிவி இல்லாத வீட்டின் பட்டியலிலும் எச்.டி சானல் ஏறியிருந்தால் அந்தப் பணம் மாதா மாதம் வீண். சானலைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு நிறுவனமே ஒரு தொகுப்பைப் போட்டுக் கொடுத்தது. தேர்ந்தெடுக்கும் காலத்தை மார்ச் 31 வரை நீட்டினார்கள்.

2020 மார்ச் முதல் அதே 130 ரூபாய்க்கு 200 சானல்கள் என்றானது. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணத்தைத் தானே போடுகிறது. ஆகவே அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்து நம் கணக்கைச் சொல்ல முடியாது. நம் பட்டியலை நாம் கேட்டு வாங்க வேண்டும். பட்டியலில் சானல் பெயருக்குப் பக்கத்தில் எச்.டி என்று இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் கையில் அந்தத் தாள் இருந்தால் மாதம் சில பத்து ரூபாய் மிஞ்சலாம்.

கடைச் சொற்கள்

"எச்.டி ரெடி" என்று டிவி மேல் ஒட்டியிருக்கும். ரெடி என்றால் எல்லாம் தயார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது அந்தப் பொருள் அல்ல. எச்.டி படம் வந்தால் இந்தத் திரை காட்டும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் 2005இல் இந்த முத்திரையை உண்டாக்கினார்கள். உயரத்தில் 720 வரியாவது இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் கடைகளில் எச்.டி ரெடி என்று விற்கும் 32 இஞ்சு டிவிகளில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளி இருக்கும். மொத்தம் சுமார் 10 லட்சம். "ஃபுல் எச்.டி" என்றால் 1920க்கு 1080. "4கே" அல்லது "அல்ட்ரா எச்.டி" என்றால் 3840க்கு 2160. அது சுமார் 83 லட்சம் புள்ளி. கேபிளிலும் டிஷ்ஷிலும் 4கே சானல்கள் மிகக் குறைவு. அந்தத் தெளிவு பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் வரும்.

கண் எவ்வளவு பார்க்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 32 இஞ்சுத் திரையை 6 அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால் எச்.டி ரெடிக்கும் ஃபுல் எச்.டிக்கும் வேற்றுமை காண்பது கடினம். நல்ல பார்வை உள்ளவருக்கே இப்படி. 8 அடி, 10 அடி தள்ளிப் பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் சின்னத் திரைக்கு ஃபுல் எச்.டியும் 4கேயும் வாங்குவது வெறும் பெருமை. அந்தப் பணத்துக்கு எச்.டி பெட்டி வாங்கலாம். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடலாம்.

இஞ்சுக் கணக்கிலும் ஒரு சூது உண்டு. டிவியின் அளவை மூலைக்கு மூலை அளக்கிறார்கள். பழைய 21 இஞ்சு டிவியின் உயரம் சுமார் 12.6 இஞ்சு. புதிய 24 இஞ்சு டிவியின் உயரம் சுமார் 11.8 இஞ்சு. எண் கூடியிருக்கிறது, உயரம் குறைந்திருக்கிறது! பழைய சதுரப் படத்தைச் சரியான அளவில் போட்டால் செய்தி வாசிப்பவர் முன்பைவிடச் சின்னதாகத் தெரிவார். வயதானவர்கள் "எனக்குக் கண் மங்கிவிட்டது" என்று சொல்வார்கள். கண் மங்கியிருக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டி வாங்கினால்

ஓணம் வந்தால் நெய்யாற்றின்கரையில் தள்ளுபடி. ஆடியும் தீபாவளியும் வந்தால் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் தள்ளுபடி. எல்லை ஊர் மக்கள் இரண்டு பக்கமும் விலை கேட்பார்கள். அது நல்லதுதான்.

2017 ஜூலைக்கு முன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விற்பனை வரி வேறு. டிவியோடு வரும்போது அமரவிளைச் சோதனைச் சாவடி என்ற பயமும் இருந்தது. ஜி.எஸ்.டி வந்த பிறகு வரி எங்கும் ஒன்று. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 சதவீதம் ஆகிவிட்டது. ஆகவே "அந்தப் பக்கம் வரி குறைவு" என்று யாராவது சொன்னால் அது பழைய பேச்சு. "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பது வேறு. அதில் குறைவது நம் பாதுகாப்பு.

பில்லில் டிவியின் மாடல் எண் இருக்க வேண்டும். டிவியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிட வேண்டும். ஃபுல் எச்.டி என்று சொல்லி விற்றால் அந்தச் சொல்லையும் பில்லில் எழுதித் தரும்படி கேட்கலாம். எழுதத் தயங்கினால் யோசிக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். வட்டி இல்லாத் தவணை என்றால் நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். வட்டியின் இடத்தில் அது உட்கார்ந்திருக்கும்.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் என்ன செய்வது? முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நகல் நம்மிடம் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பேசிப் புகாரைப் பதியலாம். அதற்கும் பயன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

"மார்த்தாண்டத்தில் வாங்கியதற்கு நாகர்கோவிலுக்கு அல்லவா அலைய வேண்டும்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பு சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. விற்றவர் இருக்கும் இடத்தில் அல்லது விற்பனை நடந்த இடத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அது இதை மாற்றியது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். களியக்காவிளைக்காரர் நெய்யாற்றின்கரையில் வாங்கியிருந்தால் கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பது இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில், வாரண்டி அட்டை, கடைக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் ஆகிய மூன்றையும் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.